கடலோர உயரத்தை எந்த ஓத மட்டத்திலிருந்து அளப்பது?

ஒரு படகுத்துறையின் வரைபடத்தில் ‘மேல்தளம் +3.00 மீ.’ என்று எழுதியிருக்கிறது. எதிலிருந்து 3 மீட்டர் என்று பக்கத்தில் சொல்லவில்லை என்றால் அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. கடலோரத்தில் ஒன்றல்ல, பல பூஜ்யங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. நிலவும் சூரியனும் இழுப்பதால் கடல் நாள்தோறும் ஏறி இறங்குவதே ஓதம். ஒவ்வொரு பூஜ்யமும் ஓதத்தின் ஏதோ ஒரு சராசரி, அல்லது ஓதம் எட்டக்கூடிய ஏதோ ஓர் எல்லை. எதுவும் தவறானதல்ல. ஆனால் ஒரு வேலைக்குப் பொருத்தமான பூஜ்யம் இன்னொரு வேலையில் ஆளையே கவிழ்த்துவிடும்.

கணக்குக்காக ஒரு கற்பனைத் துறைமுகத்தை வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு நாளில் இரண்டு உயர் ஓதம், இரண்டு தாழ் ஓதம். இரண்டு உயர் ஓதங்களும் ஒரே அளவில் வருவதில்லை; தாழ் ஓதங்களும் அப்படியே. சராசரிக் கடல்மட்டத்தைப் பூஜ்யம் என்று வைத்தால் மற்றவை இப்படி அமைகின்றன: எல்லா உயர் ஓதங்களின் சராசரி +1.4 மீ. நாளின் இரண்டு உயர் ஓதங்களில் பெரியதை மட்டும் எடுத்துச் சராசரி பார்த்தால் +1.7 மீ.; இதைச் சராசரி மேலுயர் ஓதம் என்று அழைக்கிறேன். கீழ்ப்பக்கம் சராசரி தாழ் ஓதம் −1.4 மீ., நாளின் இரண்டு தாழ் ஓதங்களில் தாழ்ந்ததை மட்டும் எடுத்தால் வரும் சராசரி கீழ்த்தாழ் ஓதம் −1.7 மீ. இவற்றுக்கு வெளியே இரண்டு எல்லைகள் உண்டு. நிலவும் சூரியனும் எப்படிச் சேர்ந்தாலும் கணிப்பில் இதற்கு மேல் ஏறாது என்கிற மீயுயர் வானியல் ஓதம் +2.6 மீ. இதற்குக் கீழே இறங்காது என்கிற மீத்தாழ் வானியல் ஓதம் −2.7 மீ.

இப்போது அந்தப் படகுத்துறைக்கு வருவோம். +3.00 என்பது சராசரிக் கடல்மட்டத்திலிருந்து என்றால், புயல் இல்லாத எந்த நாளிலும் தளம் நனையாது. அதே +3.00 மீத்தாழ் வானியல் ஓதத்திலிருந்து என்றால், தளம் சராசரிக் கடல்மட்டத்துக்கு 30 செ.மீ. மேலேதான் நிற்கிறது. அநேகமாக ஒவ்வோர் உயர் ஓதத்திலும் அது மூழ்கும். காகிதத்தில் எண் ஒன்றே. நிஜத்தில் 2.7 மீட்டர் வித்தியாசம்.

சராசரி எப்படி உருவாகிறது

சராசரிக் கடல்மட்டம் என்பது மணிக்கொரு முறை பதிவான நீர்மட்டங்களை எல்லாம் கூட்டி வகுத்துக் கிடைப்பது. சராசரி உயர் ஓதம், சராசரி தாழ் ஓதம் ஆகியவை உச்சங்களையும் அடிகளையும் மட்டும் பொறுக்கி எடுத்துச் செய்வது. இந்த இரண்டுக்கும் நடுவில் பாதிக் கோடு போட்டால் வருவது சராசரி ஓத மட்டம். பெயர் ஒத்திருப்பதால் இதையும் சராசரிக் கடல்மட்டத்தையும் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள். ஆழம் குறைந்த முகத்துவாரங்களில் நீர் வேகமாக ஏறி மெதுவாக வடியும். ஓத அலையின் வடிவமே சாய்ந்துவிடும். அங்கே இரண்டும் சில சென்டிமீட்டர் விலகி நிற்கும். அதனால் ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றை எடுத்துப் போடக் கூடாது.

எத்தனை ஆண்டுக்குச் சராசரி எடுப்பது என்பதுதான் முக்கியமான கேள்வி. நிலவின் பாதைச் சாய்வு 18.6 ஆண்டுக்கு ஒரு சுற்று மாறுகிறது. சில ஆண்டுகளில் நிலவு நிலநடுக்கோட்டுக்கு வடக்கேயும் தெற்கேயும் 28.5 பாகை வரை போகும். சில ஆண்டுகளில் 18.5 பாகையோடு திரும்பிவிடும். இதனால் நாளுக்கு இருமுறை வரும் முதன்மைச் சந்திர ஓதத்தின் அளவு ஏறக்குறைய 3.7 சதவீதம் கூடிக் குறைகிறது. நாளுக்கு ஒருமுறை வரும் சந்திர ஓதமோ 19 சதவீதம் வரைக்கும் மாறுகிறது. ஆகவே ஐந்தாறு ஆண்டுச் சராசரி இந்தச் சுழற்சியின் ஏதோ ஒரு பக்கத்தில் மாட்டிக்கொள்ளும். சுழற்சி முழுவதையும் உள்ளே கொண்டுவரவும், கோடையும் மழைக்காலமும் சம எண்ணிக்கையில் விழவும் முழுசாக 19 ஆண்டு எடுக்கிறார்கள். அமெரிக்கா இப்போது 1983 முதல் 2001 வரையான 19 ஆண்டைப் பயன்படுத்துகிறது. அதற்கு முன்பு 1960–1978.

அவசரத்தில் எடுத்த பூஜ்யத்துக்கு இன்றைய இத்தாலியில் உள்ள ட்ரியெஸ்டே துறைமுகம் நல்ல எடுத்துக்காட்டு. ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் உயரங்களுக்கெல்லாம் அடிப்படையான அந்த மட்டம் 1875-ஆம் ஆண்டின் ஓராண்டு அளவீட்டில் நின்றது. அந்த ஓர் ஆண்டின் காற்றும் வானிலையும் மத்திய ஐரோப்பாவின் மலை உயரங்களில் எல்லாம் போய் உட்கார்ந்துகொண்டன.

ஆழம் காட்ட எது?

கடல் வரைபடத்தில் 2.0 என்று ஆழம் போட்டிருந்தால், நீர் எவ்வளவு வற்றினாலும் ஏறக்குறைய அவ்வளவாவது இருக்கும் என்று மாலுமி நம்புகிறார். அதனால் இங்கே பூஜ்யம் தாழ்ந்த பக்கத்தில் இருக்க வேண்டும். உண்மையான போட்டி இரண்டுக்கும் இடையில்தான்: சராசரி கீழ்த்தாழ் ஓதம், மீத்தாழ் வானியல் ஓதம்.

முதலாவதை அமெரிக்கா வைத்திருக்கிறது. 1980-க்கு முன்பு அதன் அட்லாண்டிக் கரையில் சராசரி தாழ் ஓதமும் பசிபிக் கரையில் சராசரி கீழ்த்தாழ் ஓதமும் வழக்கில் இருந்தன. அந்த ஆண்டு எல்லாவற்றையும் கீழ்த்தாழ் ஓதத்துக்கு மாற்றத் தீர்மானித்தார்கள். இதன் பெரிய பலம், அது நேரடி அளவீட்டிலிருந்து வருவது. பக்கத்தில் 19 ஆண்டுப் பதிவுள்ள நிலையம் ஒன்று இருந்தால், புது இடத்தில் சில மாதம் மட்டும் அளந்து, இரண்டையும் ஒரே காலத்தில் ஒப்பிட்டு, 19 ஆண்டுச் சராசரிக்கு நிகரான மட்டத்தைக் கணிக்க முடியும். பலவீனமும் பெயரிலேயே இருக்கிறது. அது சராசரி. ஏறக்குறைய பாதி நாட்களில் நீர் அதற்கும் கீழே போகும். நம் துறைமுகத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதங்களில் வரைபட ஆழத்தைவிட ஒரு மீட்டர் வரை குறைவாக இருக்க வாய்ப்புண்டு.

இரண்டாவதைச் சர்வதேச நீர்ப்பரப்பியல் அமைப்பு பரிந்துரைக்கிறது. பிரிட்டன் உட்படப் பல நாடுகள் அதையே பின்பற்றுகின்றன. கணிப்பில் நீர் இதற்குக் கீழே இறங்காது என்பதால் மாலுமிக்குக் கணக்கு எளிது. ஓத அட்டவணையில் மைனஸ் எண்ணே வராது. ஆனால் இது அளந்து கண்ட மட்டம் அல்ல, கணித்துப் பெற்றது. குறைந்தது ஓராண்டுப் பதிவாவது வேண்டும். அதிலிருந்து ஓதக் கூறுகளை, அதாவது நிலவு, சூரியனின் ஒவ்வொரு தாளத்துக்கும் உரிய தனித்தனி ஏற்ற இறக்கங்களை, பிரித்தெடுத்து, 19 ஆண்டுக்கு முன்கணிப்புப் போட்டு, அதில் அடியில் விழும் எண்ணைத் தேட வேண்டும். பதிவு மோசமாக இருந்தால் எண்ணும் மோசமாகத்தான் இருக்கும். இன்னொன்று, அது வானியல் எல்லை மட்டுமே. காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் கூடினால் கடல் சுமார் 1 செ.மீ. தாழும்; கரையிலிருந்து கடலை நோக்கிப் பலமாகக் காற்று அடித்தால் இன்னும் இறங்கும். மீத்தாழ் வானியல் ஓதத்துக்குக் கீழேயும் நீர் போகும், அபூர்வமாக.

மூன்றாவதாக ஒரு பழைய வழி இருக்கிறது. பரிணாமக் கொள்கை தந்த சார்லஸ் டார்வினின் மகன் ஜார்ஜ் டார்வின் இந்தியத் துறைமுகங்களுக்காக வகுத்தது. சராசரிக் கடல்மட்டத்திலிருந்து நான்கு முக்கிய ஓதக் கூறுகளின் வீச்சுகளைக் கூட்டிக் கழித்தால் பூஜ்யம் வந்துவிடும்: இரண்டு அரைநாள் கூறுகள், இரண்டு முழுநாள் கூறுகள். கையால் கணக்குப் போட்ட காலத்தில் இது அருமையான ஏற்பாடு. ஜப்பானின் கடல் வரைபடப் பூஜ்யமும் இதே நான்கு கூறுகளால் ஆனதுதான். ஏற்கெனவே இந்த முறையில் நடக்கும் துறைமுகத்தில் அதை விட்டுவிட அவசரப்பட வேண்டியதில்லை. புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதைச் சொல்ல மாட்டேன். நான்கு கூறுகளோடு நிறுத்தினால் ஆழம் குறைந்த நீரில் பல விஷயங்கள் விட்டுப்போகும்.

என் தேர்வு: கப்பல், படகு, தூர்வாருதல் என்றால் மீத்தாழ் வானியல் ஓதம். தவறு நேர்ந்தாலும் அது பெரும்பாலும் பாதுகாப்பான பக்கத்தில் நேரும். ஆனால் எதைத் தேர்ந்தாலும் வரைபடமும் ஓத அட்டவணையும் ஒரே பூஜ்யத்தில் இருக்க வேண்டும். அது எந்தப் பூஜ்யம் என்பதைவிட இது முக்கியம். வரைபடம் கீழ்த்தாழ் ஓதத்தில், அட்டவணை மீத்தாழ் வானியல் ஓதத்தில் என்று கலந்துவிட்டால் நம் துறைமுகத்தில் இல்லாத ஒரு மீட்டர் நீர் இருப்பதாகக் கணக்கு வரும். கப்பல் தரைதட்ட அது போதும்.

பால்டிக் கடலில் இந்த விவாதமே எழுவதில்லை. அங்கே ஓதம் இல்லை என்றே சொல்லலாம். அதனால் வரைபடங்கள் சராசரிக் கடல்மட்டத்தையே பூஜ்யமாக எடுத்துக்கொள்கின்றன.

பாலத்துக்கு அடியில் இருக்கும் இடைவெளிக்கு இதே நியாயம் தலைகீழாகப் பொருந்தும். பூஜ்யம் உயரத்தில் இருக்க வேண்டும். அமெரிக்க வரைபடங்கள் சராசரி உயர் ஓதத்திலிருந்து இடைவெளியைக் குறிக்கின்றன. சர்வதேசப் பரிந்துரை மீயுயர் வானியல் ஓதம். நம் துறைமுகத்தில் இவற்றுக்கிடையே 1.2 மீட்டர் இருக்கிறது. பாய்மரம் தட்டும் வேளையில் 1.2 மீட்டர் பெரிய விஷயம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை, மீயுயர் வானியல் ஓதம்தான்.

எல்லைக்கோட்டுக்கு

கடலுக்கும் நிலத்துக்கும் நடுவே சொத்து எல்லை போடுவது வேறு வகை வேலை. இங்கே பாதுகாப்பை விட நியாயம்தான் முக்கியம். அதனால் ஓரத்தில் இருக்கும் மட்டங்கள் பொருந்தாது. எப்போதாவது ஒரு நாள் நனையும் இடத்தையெல்லாம் கடல் என்று எழுதினால் நிலக்காரருக்கு இழப்பு. தாழ் ஓதத்தில் கோடு போட்டால் பொதுக் கரையே காணாமல் போகும். 1854-இல் ஓர் ஆங்கிலேய வழக்கில் பெரிய ஓதங்களுக்கும் சிறிய ஓதங்களுக்கும் நடுத்தரமான உயர் ஓதக் கோடே எல்லை என்று தீர்ப்பானது. 1935-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் தொடர்பான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், எல்லா உயர் ஓதங்களையும் சேர்த்து, 18.6 ஆண்டுச் சுழற்சியைக் கணக்கில் கொண்டு சராசரி எடுக்க வேண்டும் என்றது. நிலவின் பாதை இப்படித்தான் நிலச் சட்டத்துக்குள் வந்தது.

இந்த வேலையில் நீங்கள் தேர்வு செய்வதற்கு அதிகம் இல்லை. அந்தந்த நாட்டுச் சட்டம் சொல்லும் மட்டத்தையே எடுக்க வேண்டும். நீங்கள் கவனிக்க வேண்டியது துல்லியம். 50-க்கு 1 என்று சரியும் மணற்கரையில் மட்டம் 10 செ.மீ. பிசகினால் கோடு 5 மீட்டர் நகர்ந்துவிடும். அங்கே சில மாத அளவீட்டோடு, ஒப்பீடு செய்யாமல் கோடு போடுவது நியாயமே இல்லை.

கட்டடத்துக்கும் வெள்ளத்துக்கும்

தப்பான தேர்வு அதிகம் நடப்பது இங்கேதான். ‘கடல்மட்டத்திலிருந்து இரண்டு மீட்டர் உயரம்’ என்றதும் மனம் நிம்மதியாகிவிடுகிறது. ஆனால் ஓதம் உள்ள கரையில் நீர் சராசரிக் கடல்மட்டத்தில் நிற்பதே இல்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் அதைக் கடந்து போகிறது, அவ்வளவுதான். நம் துறைமுகத்தில் இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கும் தரைக்கும் சாதாரண மேலுயர் ஓதத்துக்கும் இடைவெளி வெறும் 30 செ.மீ. அமாவாசையை ஒட்டிய பெரிய ஓதத்தில் அந்தத் தரை புயல் இல்லாமலே நனையக்கூடும். அதே இரண்டு மீட்டர் பால்டிக் கரையில் வேறொரு பொருள் தரும். கனடாவின் ஃபண்டி விரிகுடாவிலோ உயர் ஓதத்துக்கும் தாழ் ஓதத்துக்கும் இடையே 16 மீட்டர் வரை போகும். அங்கே சராசரிக் கடல்மட்டத்துக்கு இரண்டு மீட்டர் மேலே என்பது உயர் ஓதத்தில் கடலின் அடி.

வெள்ளத்தைப் பற்றிப் பேச மேலுயர் ஓதச் சராசரி பொருத்தமான தொடக்கக் கோடு. அதுவரை நீர் வழக்கமாக வந்து போகிறது. அதற்கு மேல் வருவதுதான் வழக்கத்துக்கு மாறானது. அமெரிக்கக் கடலோர வெள்ள அளவுகள் பலவும் இந்தக் கோட்டுக்கு மேல் எவ்வளவு என்றே சொல்லப்படுகின்றன. கட்டடத் தளத்தை முடிவு செய்ய அது மட்டும் போதாது. அதன் மேல் புயல் எழுச்சி, அலை, கட்டடத்தின் ஆயுளுக்குள் கடல் ஏறப்போகும் அளவு எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். எதன்மேல் சேர்க்கிறோம் என்பது தெரிந்திருந்தால்தான் அந்தக் கூட்டல் சரியாக வரும். சிலர் மீயுயர் வானியல் ஓதத்தின் மேல் புயல் எழுச்சி முழுவதையும் அடுக்குகிறார்கள். இரண்டும் ஒரே மணி நேரத்தில் சேர்வது மிக அபூர்வம். செலவு ஏறும், ஆனால் பாதுகாப்பு கிடைக்கும். மருத்துவமனை, மின்நிலையம் போன்றவற்றுக்கு அப்படிச் செய்வதை நான் ஆதரிப்பேன்.

நிலத்தின் பூஜ்யமா, கடலின் பூஜ்யமா?

கட்டுமான வரைபடத்தை மட்டும் ஓத மட்டத்தில் எழுதாமல் நாட்டின் நில உயரப் பூஜ்யத்தில் எழுதுவதே நல்லது. காரணம் எளிது. ஓத மட்டங்கள் கரையோரமாகப் போகப் போக மாறும். ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் முகத்துவாரத்தில் சராசரி உயர் ஓதம் வேறு. குழாயும் சாலையும் வடிகாலும் ஒன்றோடொன்று சேர வேண்டும் என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே பூஜ்யம் வேண்டும். ஓத மட்டங்களை அந்த நிலப் பூஜ்யத்தின் மேல் கோடுகளாகப் போட்டுக்காட்டலாம்.

ஆனால் நிலப் பூஜ்யம் என்பது இன்றைய கடல்மட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. பிரிட்டனின் பூஜ்யம் நியூலினில் 1915 முதல் 1921 வரை அளந்த சராசரி; கடல் அதற்கப்புறம் அங்கே சுமார் 20 செ.மீ. ஏறிவிட்டது. பிரான்ஸின் பூஜ்யம் மார்செயில் 1885–1897 அளவீடு. ஆம்ஸ்டர்டாமின் பூஜ்யம் பிறந்ததே கடல்மட்டச் சராசரியாக அல்ல. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நகரின் நீர்நிலையில் கண்ட உயர் ஓதச் சராசரியிலிருந்து வந்தது. பெல்ஜியமோ ஆஸ்டெண்டின் தாழ் ஓதச் சராசரியைப் பூஜ்யமாக எடுத்தது. அதனால் பக்கத்துப் பக்கத்து நாடுகளான நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் ஒரே இடத்தின் உயரம் சுமார் 2.3 மீட்டர் வேறுபடும்.

நிலப் பூஜ்யத்தை ஒரே துறைமுகத்தின் கடல்மட்டத்தோடு பிணைப்பதா, பல துறைமுகங்களோடு பிணைப்பதா என்பதும் ஒரு பழைய வழக்கு. 1909-இல் இந்தியாவின் மட்ட வலை, அதாவது நாடெங்கும் உயரம் அளந்து குறித்த புள்ளிகளின் தொகுப்பு, ஒன்பது துறைமுகங்களின் சராசரிக் கடல்மட்டத்தைப் பூஜ்யம் என்று வைத்துச் சரிசெய்யப்பட்டது. கராச்சி, பம்பாய், கொச்சி, நாகப்பட்டினம், சென்னை, விசாகப்பட்டினம் ஆகியவை அவற்றில் சில. அமெரிக்கா 1929-இல் தன் நாட்டின் 21, கனடாவின் 5 என்று 26 நிலையங்களோடு தன் பூஜ்யத்தைப் பிணைத்தது. இதற்குப் பின்னால் ஓர் ஊகம் இருந்தது: எல்லாத் துறைமுகத்திலும் சராசரிக் கடல் ஒரே மட்டத்தில் இருக்கிறது என்று. அப்படி இல்லை. நீரோட்டம், உப்பின் அளவு, வெப்பம், காற்று ஆகியவற்றால் கடலின் சராசரிப் பரப்பிலேயே மேடும் பள்ளமும் உண்டு. பனாமாவில் பசிபிக் பக்கம் அட்லாண்டிக் பக்கத்தைவிடச் சுமார் 20 செ.மீ. உயரம். இல்லாத சமத்தைத் திணித்தால் நடுவில் உள்ள உயரங்கள் வளைந்துபோகும். அதனால் 1988-இன் வட அமெரிக்கப் பூஜ்யம் கியூபெக்கில் ரிமூஸ்கி என்கிற ஒரே இடத்தோடு பிணைக்கப்பட்டது. நான் இந்த ஒற்றைப் புள்ளி வழியின் பக்கம்தான். ஆனால் அதன் விலையும் தெரிந்திருக்க வேண்டும்: மற்றத் துறைமுகங்களில் அந்தப் பூஜ்யத்துக்கும் உள்ளூர்க் கடல்மட்டத்துக்கும் ஒட்டே இருக்காது.

ரைன் நதியின் மேல் லௌஃபன்பர்க்கில் சுவிட்சர்லாந்தும் ஜெர்மனியும் சேர்ந்து பாலம் கட்டியபோது இரு நாட்டுப் பூஜ்யங்களுக்கும் 27 செ.மீ. வித்தியாசம் என்பது முன்பே தெரிந்திருந்தது. திருத்தத்தைக் கூட்ட வேண்டிய பக்கத்தில் கழித்துவிட்டார்கள். 2003-இல் இரு பக்கமும் 54 செ.மீ. பிசகி நின்றன. வித்தியாசம் எவ்வளவு என்பதோடு எந்தத் திசையில் என்பதையும் எழுத வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

இப்போது செயற்கைக்கோள் கருவி நேரடியாக உயரம் தருகிறதே, அது போதாதா? போதாது. அது தருவது பூமியின் வடிவத்துக்குப் பொருத்திய கணித நீள்கோளத்திலிருந்து உயரம். இலங்கைக்குத் தெற்கே கடலில் அந்தப் பரப்பிலிருந்து கடல்மட்டம் 100 மீட்டருக்கு மேல் கீழே இருக்கிறது. அளப்பதற்கு அது மிக நல்ல வழி. ஓத மட்டத்துக்கு மாற்ற நம்பகமான மாற்று மாதிரி கையில் இருக்க வேண்டும். அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் அப்படி இருக்கின்றன. இல்லாத இடத்தில் மட்டக் கருவியோடு, நிலத்தில் பதித்த உயரக் குறியான பெஞ்ச் மார்க்குக்கு நடப்பதுதான் ஒரே வழி.

பழைய காலமா, புதிய காலமா?

கடல் ஏறிக்கொண்டிருக்கிறது. 1993 முதல் செயற்கைக்கோள்கள் காட்டும் உலகச் சராசரி ஆண்டுக்கு 3 மி.மீ.க்கு மேல். 19 ஆண்டுச் சராசரியின் நடுப்புள்ளி அதன் மத்தியில் இருப்பதால், 1983–2001 பூஜ்யம் உண்மையில் 1992-இன் கடலைத்தான் காட்டுகிறது. நிலமும் சும்மா இல்லை. போத்னியா வளைகுடாவின் வடபகுதியில் நிலம் ஆண்டுக்குச் சுமார் 9 மி.மீ. எழும்புகிறது; லூசியானாவில் அமிழ்கிறது. இப்படி வேகமாக மாறும் இடங்களுக்கு அமெரிக்கா ஐந்தாண்டுச் சராசரியை வைத்துக்கொள்கிறது. நிலவின் சுழற்சியை அது முழுசாக மூடாது. ஆனால் அங்கே 19 ஆண்டுச் சராசரி எடுத்தால் அந்த மட்டம் வெளிவரும்போதே பழசாகிவிடும். சரியான சமரசம் என்றே எனக்குப் படுகிறது.

மற்ற இடங்களில் புதிய திட்டத்துக்கு நடப்பிலுள்ள கடைசிக் கால அளவை எடுங்கள். பழைய வரைபடத்தோடு ஒப்பிட வேண்டியிருந்தால் மட்டும் பழையதை எடுத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதி வையுங்கள். எதுவானாலும் எண்ணுக்குப் பக்கத்தில் நான்கு தகவல்கள் வேண்டும்: மட்டத்தின் பெயர், அதை எடுத்த கால அளவு, எந்த நிலையத்தின் பதிவு, எந்தப் பெஞ்ச் மார்க்கோடு பிணைத்தது. கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். நீர்மட்டத்தைப் பதியும் கருவியான ஓதமானி புயலில் போய்விடலாம், அது நிற்கும் துறைமேடை மெல்ல அமிழலாம். அளந்த மட்டம் தப்பிப் பிழைப்பது நிலத்தில் பதித்த குறிகளில் மட்டுமே. அதனால் ஒன்றோடு நிறுத்தாமல் ஒன்றுக்கொன்று தள்ளி, வெவ்வேறு அடித்தளத்தில் சில பெஞ்ச் மார்க்குகளை வைத்து, ஆண்டுக்கொரு முறையாவது அவற்றுக்கிடையே மட்டம் பார்த்துவிட வேண்டும்.